வாரம் 15 மணி நேரம் வேலை என்றார் கெயின்ஸ், மிச்ச நேரமெல்லாம் யாரிடம் போச்சு?

பெருங்குடி கேப் எழுதியது:

நேற்று ராத்திரி 11.40க்கு ஆபீஸ் கேபில் வீட்டுக்குத் திரும்பும்போது, கெயின்ஸ் 1930ல் எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றிப் படித்துக்கொண்டே வந்தேன். பிரிட்டிஷ் பொருளாதார மேதை, நம்மை லண்டனிலிருந்து ஆண்ட இந்தியா ஆபீஸில்தான் 1906ல் முதல் வேலைக்குச் சேர்ந்தவர். உலகமே மந்தத்தில் விழுந்து கிடந்த நேரத்தில் மனிதர் என்ன சொல்லியிருக்கிறார் என்றால், இன்னும் 100 வருடத்தில் முன்னேறிய நாடுகளின் வாழ்க்கைத் தரம் 4லிருந்து 8 மடங்கு உயர்ந்துவிடும், அப்போது நாளைக்கு 3 மணி நேரம், வாரத்துக்கு 15 மணி நேரம் வேலை பார்த்தால் போதும், கிடைத்த ஓய்வை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் மனுஷனுக்குப் பெரிய தலைவலியாக இருக்கும் என்று. 2030 வாசலுக்கே வந்துவிட்டது. வளர்ச்சிக் கணக்கு பணக்கார நாடுகளில் பெரும்பாலும் பலித்துவிட்டது. ஓய்வுக் கணக்கைத்தான் காணோம்.

என் கதையைச் சொல்கிறேன். சப்போர்ட் ப்ராஜெக்ட், கிளையன்ட் அமெரிக்காவில். நான் சேர்ந்த புதிதில் ஒரு ரிலீஸுக்கு டெஸ்டிங் பண்ண முழுதாக 2 நாள் ஆகும். இப்போது ஸ்கிரிப்டைத் தட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் முடிந்திருக்கும். அந்த 2 நாள் எனக்குத்தானே மிச்சமாகியிருக்க வேண்டும்? ஆகவில்லை. 9 பேர் இருந்த டீம் 5 பேராச்சு, 3 மாதத்துக்கு ஒன்று வந்த ரிலீஸ் வாரம் ஒன்றாச்சு. டைம்ஷீட்டில் ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் போட்டால் சிவப்பில் எரர் காட்டும், சேவ் ஆகாது. அதனால் ராத்திரி 7.30லிருந்து 11 வரை நான் பார்த்த வேலை எந்தக் கணக்கிலும் இல்லாத வேலை.

இந்த அழகில் 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார், 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் 90 என்றார், வீட்டில் உட்கார்ந்து மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்ப்பீர்கள் என்றும் சேர்த்துக் கேட்டார். சரி, அவர்களைத் திட்டி அலுத்துவிட்டது. என் கேள்வி வேறு. கெயின்ஸ் எந்த இடத்தில் சறுக்கினார்?


கணக்குப்பிள்ளை எழுதியது:

அவர் சறுக்கவில்லை, நாம்தான் ஆசையை ஏற்றிக்கொண்டோம். 1930ல் ஒரு நடுத்தரக் குடும்பம் எப்படி வாழ்ந்ததோ அப்படியே இன்றைக்கும் வாழச் சம்மதம் என்றால், வாரத்துக்கு 15 மணி நேரச் சம்பளம் கிட்டத்தட்ட போதும். ஓஎம்ஆரில் 3 பெட்ரூம் வாங்கி 20 வருட இஎம்ஐயில் தலையைக் கொடுத்தது யார்? பக்கத்து வீட்டுக்காரனைவிட ஒரு படி மேலே நிற்கும் ஆசைக்கு அளவு கிடையாது என்று கெயின்ஸே அந்தக் கட்டுரையில் ஒத்துக்கொள்கிறார், ஆனாலும் அதை லேசாக எடைபோட்டுவிட்டார்.

இன்னொன்று, ஓய்வு எங்குமே வரவில்லை என்பது சரியில்லை. ஜெர்மனியில் ஒருவர் சராசரியாக வருடத்துக்குச் சுமார் 1,350 மணி நேரம்தான் வேலை செய்கிறார். பகுதிநேர வேலைக்காரர்களும் அந்தக் கணக்கில் உண்டு, இருந்தாலும் வாரத்துக்கு 26 மணி நேரம்தான் வருகிறது. பிரான்ஸில் 2000த்திலிருந்து சட்டப்படி வாரம் 35. கெயின்ஸ் சொன்னது சில ஊர்களில் பாதி வழி வந்து நிற்கிறது. நம் ஊர்ப் பக்கம் கிளம்பவே இல்லை, அவ்வளவுதான்.


பவர் டேபிள் எழுதியது:

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன் அண்ணா. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், 17 வருஷம் ஆகிறது. உங்கள் இழையை செக்கிங்கில் இருக்கும் ஒரு தம்பி அனுப்பினான், 2 பேர் இஎம்ஐ பற்றிச் சண்டை போடுகிறார்கள், நீயும் போய் ஏதாவது சொல்லு என்றான்.

எங்கள் ஊரில் நேரத்தை மணியில் எண்ண மாட்டார்கள், ஷிப்டில்தான் எண்ணுவார்கள். 8 மணி நேரம் ஒரு ஷிப்ட். ஆனால் ஒரு ஷிப்டோடு வீட்டுக்குப் போகிறவனை நான் பார்த்து ரொம்ப நாளாச்சு. காலை 8.30க்கு உள்ளே போனால் ராத்திரி 8.30, அது ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் இருந்தால் 2 ஷிப்ட், சில நாள் விடிய விடிய. சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது "இந்த வாரம் எத்தனை ஷிப்ட்" என்றுதான் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வோம். 9 ஷிப்ட் என்றால் நல்ல வாரம். 6 ஷிப்ட் என்றால் வீட்டு வாடகைக்கு யாரிடமாவது கை மாற்று வாங்க வேண்டிய வாரம்.

சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், 2 டீ, இதெல்லாம் கழித்தால் நாளைக்குப் பத்தரை மணி நேரம் மிஷினில். வாரம் 63. வருஷத்துக்கு 50 வாரம் போட்டால் 3,150. ஜெர்மனிக்காரர் ரெண்டேகால் வருஷம் செய்வதை நான் ஒரு வருஷத்தில் செய்கிறேன். கணக்குப்பிள்ளை ஐயா, எனக்கு இஎம்ஐ கிடையாது. இருப்பது ஒரு லைன் வீடு, 2 பிள்ளைகள், ஒரு தவணைப் பைக்.

சட்டம் பற்றி யாராவது ஆரம்பிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் நாளைக்கு 9, வாரத்துக்கு 48, அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம் என்று இருந்தது எனக்கும் தெரியும். எங்களுக்கு அந்த அரை ஷிப்டுக்குக் கிடைப்பது அரை ஷிப்ட் கூலிதான். இரட்டையெல்லாம் காதால் கேட்டதோடு சரி.

உண்மையைச் சொல்லட்டுமா? நாளைக்கே ஒரு ஆபீசர் வந்து 5.30க்கு லைட்டை அணைத்தால் முதலில் சண்டைக்குப் போகிறவன் நானாகத்தான் இருப்பேன். அணைக்காத கம்பெனி எது என்று விசாரித்து அடுத்த வாரமே அங்கே போய்விடுவேன். ஒரு ஷிப்ட் கூலியில் குடும்பம் ஓடாது. ஒன்றரை ஷிப்டில் ஓடும். அந்த அரை ஷிப்டைப் போய் பேராசை என்று சொல்லாதீர்கள்.


வாட்ச் மெக்கானிக் எழுதியது:

2 ஷிப்டுக்கு மேல் விடிய விடிய என்றால் அது என்ன கணக்கு அண்ணே, 3 ஷிப்டா? ஒரு நாளில் 24 மணிதானே?


பவர் டேபிள் எழுதியது:

காலை 8.30லிருந்து மறுநாள் விடிகாலை வரை ரெண்டரை போடுவார்கள் தம்பி. பகல் மட்டும் லீவு.


ஆலைச்சங்கு எழுதியது:

பவர் டேபிள் தோழர் சொன்ன இடத்தில்தான் கெயின்ஸ் கோட்டை விட்டார் என்று நினைக்கிறேன். இயந்திரம் நேரத்தை மிச்சப்படுத்தினால் அந்த மிச்சம் தானாக எல்லோருக்கும் பிரிந்து வந்துவிடும் என்று எடுத்துக்கொண்டார். எங்குமே தானாக வந்ததில்லை. நான் புதுச்சேரிக்காரன், எங்கள் ஊர்க் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பிரெஞ்சு ஆட்சியில் இங்கே 3 பெரிய பஞ்சாலைகள், சவானா, ரோடியர், கப்ளே. சங்கு ஊதினால் உள்ளே, மறுபடி ஊதினால் வெளியே, வீட்டுப் பிள்ளைகள் அப்பா முகத்தை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கும். 1936ல் வேலை நேரத்தைக் குறை, சங்கம் வைக்க விடு என்று போராட்டம் வெடித்தது, முன்னின்றவர் வ. சுப்பையா. அதே வருடம் பாரிஸில் இடதுசாரிகளின் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்து, அந்த ஊர்த் தொழிலாளிக்கு வாரம் 40 மணி நேரம், சம்பளத்தோடு 2 வாரம் விடுமுறை என்று சட்டம் போட்டது. அதே பிரெஞ்சுக் கொடி பறந்த புதுவையில் ஜூலை 30ஆம் தேதி சவானா ஆலைத் தொழிலாளிகள் மீது துப்பாக்கிச் சூடு, 12 பேர் செத்தார்கள். அதற்கப்புறம்தான் பேச்சுவார்த்தை, அதற்கப்புறம்தான் 1937ல் 8 மணி நேர வேலை சட்டமானது. ஆசியாவிலேயே முதல் என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். முதலோ இரண்டாவதோ, அந்த நேரம் எந்தக் கையிலிருந்து வந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

பிரிட்டிஷ் இந்தியாவையும் பாருங்கள். உலகத் தொழிலாளர் அமைப்பு 1919ல் போட்ட முதல் ஒப்பந்தமே வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதான். அதிலேயே தனி விதி வைத்து இந்தியாவுக்கு 60 என்று எழுதினார்கள். 1922 சட்டத்தில் 60, 1934ல் 54, கடைசியில் 1946 திருத்தத்தில்தான் 48. மற்ற பல நாடுகளுக்குக் காகிதத்திலாவது உடனே கிடைத்தது நமக்கு வர 27 வருடம். அந்த 60க்கும் முந்திய காலத்தில், 1918ல், பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த அரை மணி நேரத்தில் கை கழுவி உண்டு திரும்ப முடியவில்லை என்ற குறையும் சேர்ந்துதான் சென்னைத் தொழிலாளர் சங்கமே பிறந்தது. செல்வபதி செட்டியார், திரு.வி.க., வாடியா எல்லாம் பேச ஆரம்பித்தது பெரிய பெரிய தத்துவத்தில் இல்லை, சாப்பாட்டு நேரத்தில்.

2023ஐ மறந்துவிட்டீர்களா? ஏப்ரல் 21ஆம் தேதி தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழி விடும் திருத்தம் நிறைவேறியது. வாரத்துக்கு 48ஐத் தாண்டாது, 4 நாள் வேலை 3 நாள் லீவு என்றெல்லாம் சொன்னார்கள். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, 3 நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே 1ஆம் தேதி திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். சத்தம் போடாமல் இருந்திருந்தால் இன்றைக்கு அது சட்டம்.


பவர் டேபிள் எழுதியது:

தோழர், அந்த 10 நாளும் டிவியில் 12 மணி நேரம் 12 மணி நேரம் என்று பேசினார்கள். நாங்கள் அதை ராத்திரி 9 மணிச் செய்தியில்தான் பார்த்தோம், 12 மணி நேர வேலையை முடித்துவிட்டு வந்து.


நாலாவது மாடி சேலை எழுதியது:

தி.நகரில் ஜவுளிக்கடை. எந்தக் கடை என்று கேட்காதீர்கள். காலை 9.30க்கு நின்றால் ராத்திரி கடை சாத்தும் வரை நிற்க வேண்டும், தீபாவளி சீசனில் 11 ஆகும். 2021ல் உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள், அதற்கு முன்னால் கேரளாவில் 2018ல் வந்தது, கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் போராடி வாங்கியது. நீங்கள் ஓய்வு சமுதாயம் வரவில்லையே என்று வருத்தப்படுகிறீர்கள். எங்களுக்கு ஸ்டூல் வந்திருக்கிறது. ஒரு செக்‌ஷனுக்கு ஒன்று. அதில் கஸ்டமரின் பை இருக்கும்.


அம்மிக்கல் எழுதியது:

இவ்வளவு பேர் பேசியும் வீட்டு வேலையைப் பற்றி ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை, நான் திறக்கிறேன்.

மெஷின் வந்தால் நேரம் மிச்சமாகும் என்பதற்கு எங்கள் அடுக்களையை விட நல்ல பரிசோதனைக்கூடம் கிடையாது. என் மாமியார் இட்லிக்கு ஆட்டுக்கல்லில் ஆட்டுவார், ஒன்றரை மணி நேரம் ஆகும், அதனால் வாரத்துக்கு ஒரு நாள்தான் இட்லி, மற்ற நாள் பழைய சோறு, அதை ஒருத்தரும் குறையாகச் சொன்னதில்லை. 2011க்கு அப்புறம் அரசாங்கமே மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன், என் தோள்பட்டை இன்னும் வேலை செய்கிறது என்றால் அதுவும் ஒரு காரணம். ஆனால் கிரைண்டர் வந்ததும் தினமும் இட்லி தோசை ஆச்சு. மிக்சி வந்ததும் 2 வகைச் சட்னி ஆச்சு. வாஷிங் மெஷின் வந்ததும் ஒரு தடவை போட்ட சட்டை அழுக்கு ஆச்சு. மிச்சமான நேரத்தை எல்லாம் வீடே வாங்கிக்கொண்டது.

மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளைக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. அந்த 97ம் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி. செய்யாதவர்கள் அதில் இல்லவே இல்லை.

பவர் டேபிள் தம்பி, கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் ராத்திரி 8.30க்கு வந்து சாப்பிட உட்காரும் சோறு எத்தனை ஷிப்டில் வருகிறது?


பவர் டேபிள் எழுதியது:

கோபமெல்லாம் இல்லை அக்கா. வீட்டுக்காரியும் செக்கிங்கில் ஒன்றரை ஷிப்ட். அவள் 4.30க்கு எழுந்து சமைத்து, 2 டிபன் பாக்ஸ் கட்டி, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத்தான் வருகிறாள். அவளுக்கு நாளைக்கு ரெண்டேகால் ஷிப்ட். கூலி ஒன்றரைக்குத்தான், அதுவும் என்னைவிடக் குறைவு.


தேக்கா ஞாயிறு எழுதியது:

சிங்கப்பூரில் கட்டட வேலை, ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். இங்கே சட்டம் ரொம்ப சுத்தம், வாரம் 44 மணி நேரம், அதற்கு மேல் ஒன்றரை மடங்கு, மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் ஓடி, அதாவது ஓவர்டைம், பார்க்கக் கூடாது. எங்கள் கம்பெனி ஓடிக்கு ஒன்றரை மடங்கு ஒழுங்காகவே கொடுக்கிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் பேசிக் எவ்வளவு குறைவு என்றால், ஓடி இல்லாத மாதம் ஊருக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது, ஏஜெண்டுக்குக் கட்டிய கடனே முதல் வருடத்தைச் சாப்பிட்டுவிடும். அதனால் ஓடி கிடைக்காதவன்தான் இங்கே பாவம், ஓடி பார்ப்பவன் இல்லை.

அப்புறம் டார்மிட்டரியிலிருந்து சைட்டுக்கு லாரியில் போவது, போக 1 மணி, வர ஒன்றேகால், அது வேலையும் இல்லை ஓய்வும் இல்லை. 5 மணிக்கு எழுந்தால் ராத்திரி குளித்துச் சமைத்துப் படுக்க 11. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியா பக்கம், புல்லில் உட்கார்ந்து வீடியோ காலில் பேசுவேன். மகன் 10 நிமிடத்துக்கு மேல் பேச மாட்டான், அவனுக்கு டியூஷன்.


ஜாப் ஒர்க் எழுதியது:

திட்டு வாங்கப் போகிறேன் என்று தெரிந்தே எழுதுகிறேன். நானும் திருப்பூர்தான், 22 மிஷின் வைத்து ஜாப் ஒர்க், அதாவது எக்ஸ்போர்ட்டருக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது, பண்ணுகிறேன். 11 வருஷம் டெய்லராக இருந்துவிட்டுத்தான் யூனிட் போட்டேன். டெய்லரை 12 மணி நேரம் உட்கார வைத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. 8 மணிக்கு மேல் தைக்கும் பீஸில் ரிஜெக்‌ஷன் ஜாஸ்தி, கண் சொருகும், ஊசி விரலில் ஏறும்.

பிரச்சினை எங்கே என்றால், பையர் ஆர்டரைத் தாமதமாகக் கன்ஃபர்ம் பண்ணுவார், துணி டையிங்கிலிருந்து தாமதமாக வரும், ஆனால் கப்பல் தேதி மட்டும் நகராது. தப்பினால் ஏர் ஷிப்மென்ட், அந்தச் செலவு எக்ஸ்போர்ட்டர் தலையில், அவர் தலையிலிருந்து என் தலையில். ஒரு பீஸுக்கு எனக்குக் கிடைப்பதே ரூபாய்க் கணக்குதான். நான் மட்டும் 8 மணி நேரத்துக்கு ஒன்றரை ஷிப்ட் கூலி கொடுத்தால் 3 மாதத்தில் மிஷினை விற்க வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் கொடுத்தால் கொடுப்பேன். அப்போதும் பையர் பங்களாதேஷுக்குப் போய்விடுவார் என்ற பயம் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை.


கணக்குப்பிள்ளை எழுதியது:

பவர் டேபிள் சொன்ன பிறகு பேராசை என்ற வாதத்தைப் பாதி வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பெருங்குடிக்காரருக்கு மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு உதாரணம் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து பேட்டில் கிரீக்கில் கெலாக்ஸ் கம்பெனி, கார்ன் ஃபிளேக்ஸ் செய்கிறவர்கள், கெயின்ஸ் எழுதிய அதே 1930ல், டிசம்பர் மாதம், 8 மணி நேர ஷிப்ட் 3ஐ எடுத்துவிட்டு 6 மணி நேர ஷிப்ட் 4 வைத்தார்கள். வேலையில்லாத் திண்டாட்ட நேரம், கூடுதல் ஆட்களுக்கு வேலை கொடுக்கலாம் என்பது யோசனை. மணிக்கூலியையும் கொஞ்சம் ஏற்றினார்கள். ஜனங்களுக்குப் பிடித்திருந்தது, தோட்டம், மீன்பிடி, பிள்ளைகள் என்று இருந்தார்கள். உலகப் போருக்கு அப்புறம் நிர்வாகம் 8 மணி நேரத்துக்குப் போனால் கையில் அதிகம் வரும் என்று ஒவ்வொரு டிபார்ட்மெண்டாக இழுத்தது. ஆண்கள் சீக்கிரம் போய்விட்டார்கள். பெரும்பாலும் பெண்கள் இருந்த பகுதிகள் மட்டும் 6 மணி நேரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்து, 1985ல்தான் அது முடிந்தது. 55 வருடம் நடந்திருக்கிறது, அப்படியென்றால் முடியாத காரியம் இல்லை. ஆனால் போனது எப்படி என்று பாருங்கள். யாரும் பிடுங்கவில்லை, விலை பேசி வாங்கிக்கொண்டார்கள்.


ஆலைச்சங்கு எழுதியது:

நீங்கள் பிடுங்குவதையும் விலை பேசுவதையும் வேறு வேறாகப் பார்க்கிறீர்கள். 8 மணி நேரக் கூலியைக் குறைவாகவே வைத்திருப்பதுதான் அந்த விலைபேசல். பவர் டேபிள், தேக்கா இரண்டு பேரும் சொல்வது ஒரே விஷயம்தானே, ஒரு ஊரில் இரட்டைக் கூலி இல்லை, இன்னொரு ஊரில் ஒன்றரை மடங்கு ஒழுங்காகவே கிடைக்கிறது, இரண்டு இடத்திலும் அடிப்படைக் கூலி போதவில்லை, அதனால் ஆளே தன் நேரத்தைக் கொண்டுபோய்த் திரும்பக் கொடுக்கிறார். மணி நேரத்துக்காக மட்டும் போராடினால் தொழிலாளியே எதிரே நிற்பார் என்று எங்கள் சங்கத்துப் பெரியவர் ஒருவர் சொல்வார், 2 கோரிக்கையையும் ஒரே தாளில் எழுது என்பார். ரோடியர் மில் 2020ல் மூடிய பிறகு எந்தத் தாளும் இல்லை, அது வேறு.


பெருங்குடி கேப் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கெயின்ஸை வைத்து ஆரம்பித்தேன், என் டைம்ஷீட்தான் உலகத்திலேயே பெரிய அநியாயம் என்ற நினைப்போடு. கணக்குப்பிள்ளை, அது 2 பெட்ரூம்தான், 3 இல்லை. ஆனால் இஎம்ஐ உண்மை.

எனக்கு அடிப்படைச் சம்பளம் போதும், ஆனாலும் ராத்திரி 9.30க்கு வரும் கிளையன்ட் அழைப்பை என்னால் மறுக்க முடியவில்லை, மறுத்தால் அப்ரைசலில் தெரியும். ஐடியிலும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு 2016லேயே தெளிவுபடுத்திவிட்டது. எங்கள் தளத்தில் 300 பேர் இருக்கிறோம், சங்கம் என்ற வார்த்தையை ஒருத்தர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

பவர் டேபிள் அண்ணாவிடம் ஒரு கேள்வி. ஒன்றரை ஷிப்ட் கூலியை ஒரு ஷிப்டுக்கே கொடுத்து 5.30க்கு அனுப்பினால் அந்த 3 மணி நேரத்தை என்ன செய்வீர்கள்? கெயின்ஸ் கவலைப்பட்டது அதைப் பற்றித்தான்.


பவர் டேபிள் எழுதியது:

கூலியை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், என்ன செய்வேன் என்று அப்புறம் சொல்கிறேன். ஜாப் ஒர்க் அண்ணா இங்கேதானே இருக்கிறார், எழுதித் தருவாரா?


ஜாப் ஒர்க் எழுதியது:

எக்ஸ்போர்ட்டர் எனக்கு எழுதித் தரட்டும், அன்றைக்கே தருகிறேன்.


பவர் டேபிள் எழுதியது:

சரிங்க அண்ணா. டீ டைம் முடிந்தது, லைன்மேன் பார்க்கிறார். இன்றைக்கு 2 ஷிப்ட்.